ஒரு மணி நெல்லும் தர மறுத்தவர்!

நெற்கட்டும்செவல் பூலித்தேவர் வரலாறு

சிவகிரியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். நீலநிறச் சுவர் எழுப்பியதுபோல அது வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அது.

மலையடிவாரத்தை ஒட்டியே சாலை செல்கிறது. வடக்கே போனால் சேத்தூர், இராசபாளையம். தெற்கே போனால் வாசுதேவநல்லூர், புளியங்குடி. கிழக்கே திரும்பினால் சங்கரன்கோவில். இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ள இந்தப் பகுதி முன்பு திருநெல்வேலிச் சீமையாக இருந்தது.

இங்கே வயல் உண்டு. குளம் உண்டு. பனங்காடு உண்டு. பார்ப்பதற்கு அமைதியான நாடு.

ஆனால் ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் பீரங்கிகள் முழங்கின. மண் கோட்டைகள் எரிந்தன. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் படை, ஒரு சிறு பாளையக்காரரின் முன்னால் வெறுங்கையோடு திரும்பிப் போயிற்று.

அந்தப் பாளையக்காரர்தான் பூலித்தேவர்!

வீரபாண்டியக் கட்டபொம்மன் 1760-ம் ஆண்டில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1755-ல், வெள்ளைக்காரருக்குக் கப்பம் கட்ட மறுத்தவர் பூலித்தேவர். வங்காளத்தில் பிளாசிப் போர் நடந்தது 1757-ல். வடநாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தது 1857-ல். இவற்றுக்கெல்லாம் முந்தியது நெற்கட்டும்செவலின் போர்.

எழுபத்திரண்டு பாளையங்கள்

பூலித்தேவரின் கதையை அறிய வேண்டுமானால், பாளையம் என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதுரையை 16-ம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் ஆண்டார். அவருக்குத் தளவாயாகவும் அமைச்சராகவும் இருந்தவர் அரியநாத முதலியார். பரந்த நாட்டை ஒருவரே கட்டி ஆள்வது எளிதன்று. ஆகவே நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு தலைவர். அவரே பாளையக்காரர்.

பாளையக்காரருக்கு மூன்று வேலைகள் இருந்தன. தம் எல்லைக்குள் வரி வாங்க வேண்டும். திருடர் பயம் இல்லாமல் ஊர்களைக் காவல் காக்க வேண்டும். மன்னர் அழைக்கும்போது படையோடு போக வேண்டும். வாங்கிய வரியில் ஒரு பங்கை மதுரைக்குக் கப்பமாக அனுப்ப வேண்டும்.

மக்கள் மன்னரைப் பார்த்ததில்லை. பாளையக்காரரைத்தான் பார்த்தார்கள். வழக்கு என்றால் அவரிடம் போனார்கள். குளம் உடைந்தால் அவரிடம் சொன்னார்கள். அவரே அவர்களுக்கு அரசர்.

இந்த ஏற்பாடு இருநூறு ஆண்டுகள் நடந்தது. சிவகிரி, சேத்தூர், தலைவன்கோட்டை, ஊற்றுமலை, சுரண்டை, நெற்கட்டும்செவல் ஆகியவை எல்லாம் மேற்குப் பாளையங்கள். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் கிழக்குப் பாளையங்கள்.

1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. கடைசி அரசி மீனாட்சியோடு அந்த வம்சம் மறைந்தது. தெற்கே யார் தலைவர் என்ற குழப்பம் தோன்றியது. அந்தக் குழப்பத்தில்தான் பூலித்தேவர் வளர்ந்தார்.

பன்னிரண்டு வயதில் பட்டம்

பூலித்தேவர் 1715-ம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பிறந்தார். தந்தையார் சித்திரபுத்திரத் தேவர். தாயார் சிவஞான நாச்சியார். பிள்ளைக்கு இட்ட பெயர் காத்தப்பர். பூலித்தேவர் என்பது அந்தக் குடும்பத்தின் பட்டப்பெயர்.

இலஞ்சியைச் சேர்ந்த சுப்பிரமணிய பிள்ளை என்னும் புலவரிடம் அவர் தமிழ் கற்றார் என்று சொல்வார்கள். குதிரை ஏற்றம், சிலம்பம், வாள்வீச்சு, வேல் எறிதல், வளரி வீசுதல் ஆகியவற்றையும் பழகினார்.

வளரி என்பது வளைந்த ஓர் ஆயுதம். அதைச் சுழற்றி எறிவார்கள். ஓடுகிறவனின் காலைக் குறிபார்த்து வீசினால், அவன் அந்த இடத்திலேயே விழுவான். தென்பாண்டி நாட்டு வீரர்கள் அதில் தேர்ந்தவர்கள்.

பூலித்தேவருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பும் முன்பே பாளையத்தின் பொறுப்பு அவர் தோளில் ஏறியது. வயது சிறியது, பாரம் பெரியது.

பெரியவரானதும் கயல்கண்ணி என்னும் இலட்சுமி நாச்சியாரை மணந்தார். அவர்களுக்குக் கோமதி முத்துத் தலைச்சி என்ற மகளும், சித்திரபுத்திரத் தேவர், சிவஞானப் பாண்டியன் என்ற இரு மகன்களும் பிறந்தனர்.

மகளுக்குக் கோமதி என்று பெயர் வைத்ததில் ஒரு செய்தி இருக்கிறது. கோமதி என்பது சங்கரன்கோவில் அம்மனின் திருநாமம். அந்த அம்மனுக்கு ஆவுடைநாச்சியார் என்றும் பெயர். பூலித்தேவரின் குடும்பத்துக்கு அவளே கண்கண்ட தெய்வம்.

சங்கரன்கோவில் சொல்லும் கதை

சங்கரன்கோவிலின் புராணம் இந்தச் சீமையில் குழந்தைகளுக்கும் தெரியும்.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள் இருந்தார்கள். சங்கன் சிவபக்தன். பதுமன் திருமால் பக்தன். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று இருவருக்கும் ஓயாத சண்டை. வழக்கு உமாதேவியிடம் போயிற்று.

அம்மை இருவருக்கும் உண்மையைக் காட்ட எண்ணினாள். பூமிக்கு வந்து புன்னை வனத்தில் தவம் இருந்தாள். ஆடி மாதத்தில் இறைவன் காட்சி கொடுத்தார். ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால். அவரே சங்கரநாராயணர். நாகர்களின் சண்டை ஓய்ந்தது.

அந்தத் தவத்தின் நினைவாகவே ஆடித்தபசுத் திருவிழா நடக்கிறது. நோய் தீரப் புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் பூசுகிறார்கள்.

வேறுபட்டு நின்ற இருவரை ஒன்றாக்கிய தலம் அது. அந்தத் தலத்தை வணங்கி வளர்ந்த பூலித்தேவர், பின்னாளில் வேறுபட்டு நின்ற பாளையக்காரர்களை ஒன்றாக்கப் பாடுபட்டார். அதில் பாதி வென்றார். பாதி தோற்றார். அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தப் போராட்டமே.

நவாபின் கடன்

மதுரை நாயக்கர்கள் போன பிறகு, தெற்குச் சீமை தமக்கே உரியது என்று ஆர்க்காட்டு நவாபு சொன்னார். அந்த நவாபு முகம்மது அலி.

ஆனால் அவருடைய நாற்காலி உறுதியாக இல்லை. சந்தா சாகிபு என்பவர் அதற்குப் போட்டியிட்டார். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகம்மது அலிக்கு ஆங்கிலக் கும்பினி துணை. பல ஆண்டுகள் போர் நடந்தது. கடைசியில் முகம்மது அலி வென்றார்.

வெற்றி கிடைத்தது. கடனும் கிடைத்தது. போருக்கு ஆன செலவை எல்லாம் கும்பினிக்கு அவர் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் பணம் இல்லை. ஆகவே தெற்குப் பாளையங்களில் கப்பம் வசூலித்து எடுத்துக்கொள்ளும்படி கும்பினிக்கு வழி காட்டினார்.

யாரோ இருவர் நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைக் கணக்கை நெற்கட்டும்செவலின் உழவர்கள் தீர்க்க வேண்டும் என்றார்கள். இதைத்தான் பூலித்தேவர் ஏற்க மறுத்தார்.

ஹெரான் வந்தான்

1755-ம் ஆண்டின் தொடக்கத்தில் கும்பினிப் படை தெற்கே புறப்பட்டது. தளபதியின் பெயர் ஹெரான். நவாபின் அண்ணன் மாபூசுகானும் உடன் வந்தான். வெள்ளைச் சிப்பாய்கள் 500 பேர். நம் நாட்டுச் சிப்பாய்கள் 2,000 பேர். கூடவே பீரங்கிகள்.

மதுரை வீழ்ந்தது. வழியில் கோவில்குடி என்ற ஊரில் கோயிலைக் கொள்ளையிட்டு, சாமி சிலைகளையும் படையினர் எடுத்துச் சென்றார்கள். அந்த வட்டாரத்துக் கள்ளர் நாட்டு மக்கள் கொதித்துப் போனார்கள்.

பிறகு படை திருநெல்வேலிக்கு வந்தது. பாளையக்காரர்கள் பலர் பயந்து கப்பம் கட்டினார்கள். சிலர் தவணை கேட்டார்கள். பூலித்தேவர் மட்டும் அசையவில்லை.

ஹெரான் நெற்கட்டும்செவலுக்கே வந்து கோட்டையை வளைத்துக்கொண்டான். மண்ணால் கட்டிய கோட்டை. ஆனால் மதில் அகலமானது. குண்டு பட்டால் கல் மதில் பிளக்கும். இந்த மண் மதிலோ குண்டை விழுங்கிக்கொண்டு அப்படியே நிற்கும்.

பூலித்தேவர் பொறுமையாகக் காத்திருந்தார். வெளியே நிற்கிற படைக்குச் சோறு இல்லை, சம்பளம் இல்லை, பெரிய பீரங்கிக்குக் குண்டு இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஹெரான் பேரம் பேசினான். இருபதாயிரம் ரூபாய் கொடுத்தால் போய்விடுவதாகச் சொல்லி அனுப்பினான். பூலித்தேவர் ஒரு காசும் கிடையாது என்று பதில் அனுப்பினார்.

ஹெரான் வந்த வழியே திரும்பினான்!

திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் அவனுக்கு இன்னொரு அடி விழுந்தது. கோயிலைக் கொள்ளையிட்டதை மறக்காத மக்கள், மரங்களை வெட்டிப் பாதையை அடைத்து, இருபுறமும் இருந்து தாக்கினார்கள். தங்கள் சாமிகளை மீட்டுக்கொண்டார்கள். கும்பினி ஹெரானை விசாரணைக்கு உட்படுத்தி வேலையிலிருந்து நீக்கியது.

நெல்லாகக்கூடக் கப்பம் கட்டாத ஊர் என்பதால் நெற்கட்டான்செவல் என்ற பெயரும் வழங்கலாயிற்று என்று அந்தப் பக்கத்து மக்கள் பெருமையோடு சொல்வார்கள்.

கை கோத்தவர்களும் ஒதுங்கியவரும்

ஒரு முறை திரும்பிப் போன வெள்ளைக்காரன் மறுமுறை வருவான் என்பது பூலித்தேவருக்குத் தெரியும். தனி ஒருவராக எத்தனை நாள் தாங்க முடியும்? பாளையங்கள் ஒன்றுசேர வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஊர் ஊராக ஆள் அனுப்பினார். மேற்குப் பாளையக்காரர்கள் அவருடன் சேர்ந்தார்கள். மதுரையிலும் நெல்லையிலும் இருந்த மூன்று பட்டாணியத் தளபதிகளும் நவாபை விட்டு அவர் பக்கம் வந்தார்கள். மையானா, முடேமியா, நபிகான் கட்டக் என்பன அவர்கள் பெயர்கள். திருவிதாங்கூர் அரசரும் துணைக்கு வந்தார்.

இந்துவும் முசுலிமும், தமிழரும் மலையாளத்தாரும் ஒரே அணியில் நின்றார்கள். அந்தக் காலத்தில் அது எளிய காரியம் அன்று.

ஆனால் மேற்கில் ஓர் இடம் விடுபட்டது. அதுதான் சிவகிரி.

நெற்கட்டும்செவலுக்கு அண்டை வீடு போன்றது சிவகிரி. அண்டை வீடுகளுக்குள் எல்லைத் தகராறு இருப்பது இயற்கை. காவல் உரிமை, மேய்ச்சல் காடு, குளத்து நீர் என்று பாளையங்களுக்குள் பழைய பகைகள் பல உண்டு. சிவகிரிப் பாளையக்காரர் கூட்டணியில் சேரவில்லை. கிழக்கே எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் கும்பினிக்கே துணை நின்றன.

இந்தப் பிளவுதான் வெள்ளைக்காரனுக்குக் கிடைத்த பெரிய பீரங்கி!

களக்காடும் திருநெல்வேலியும்

கூட்டணியின் முதல் வெற்றி களக்காட்டில் கிடைத்தது. அங்கே திருவிதாங்கூர் வீரர்கள் 2,000 பேர் இருந்தார்கள். பூலித்தேவரின் படையும் சேர்ந்துகொண்டது. மாபூசுகானின் படை தோற்று ஓடியது.

1756 மார்ச்சில் திருநெல்வேலிக்கு அருகே பெரும் போர் நடந்தது. அதில் முடேமியா வீரமரணம் அடைந்தார். உற்ற நண்பரை இழந்த பூலித்தேவர் படையோடு மலைப்பக்கம் திரும்ப நேர்ந்தது.

பிறகு ஒரு விந்தை நடந்தது. நெற்கட்டும்செவலைப் பிடிக்க வந்த அதே மாபூசுகானுக்கும், அவன் தம்பி நவாபுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. மாபூசுகான் கட்சி மாறிப் பூலித்தேவரிடமே வந்து தங்கினான். எதிரியாக வந்தவனுக்கும் பூலித்தேவர் இடம் கொடுத்தார்.

மறையாத இரண்டு பெயர்கள்

பூலித்தேவர் தனியாகப் போரிடவில்லை. அவருடன் நின்று உயிரைக் கொடுத்தவர்களில் இருவரை மக்கள் இன்றும் மறக்கவில்லை. ஒருவர் வெண்ணிக் காலாடி. மற்றவர் ஒண்டிவீரன். இருவரும் எளிய குடியில் பிறந்த தளபதிகள். இவர்களுடைய கதைகள் பாட்டாகவும் பேச்சாகவும் வாய்வழியே வந்தவை.

இரவு நேரத்தில் எதிரியின் படை மறைந்து வருவதை வெண்ணிக் காலாடி கண்டார். சிறு கூட்டத்தோடு பாய்ந்து தாக்கினார். வயிற்றில் வெட்டு விழுந்து குடல் சரிந்தது. தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு மேலும் போரிட்டார். எதிரி ஓடியபின், பூலித்தேவரின் மடியில் உயிர் விட்டார். அவர் நினைவாக எழுந்த இடம் காலாடி மேடு.

ஒண்டிவீரன் உளவு பார்ப்பதில் வல்லவர். ஒரு நாள் இரவு, தென்மலையில் இருந்த எதிரி முகாமுக்குள் புகுந்து புல்லுக்கட்டின் கீழ் ஒளிந்திருந்தார். குதிரை கட்ட வந்த சிப்பாய், ஆள் இருப்பது தெரியாமல் முளையை அடித்தான். அது ஒண்டிவீரனின் கையில் இறங்கியது. சத்தம் போட்டால் காரியம் கெடும். வாயை மூடிக்கொண்டார். சிப்பாய் போனதும், முளையில் சிக்கிய கையைத் தாமே வெட்டிக்கொண்டு வந்த வேலையை முடித்துத் திரும்பினார் என்று கதை சொல்லும்.

அந்த ஒண்டிவீரனுக்கு இந்திய அரசு 2022-ல் அஞ்சல்தலை வெளியிட்டது.

யூசுப்கான்

கும்பினிக்கு ஒரு கெட்டிக்காரன் கிடைத்தான். அவன் பெயர் யூசுப்கான். இராமநாதபுரம் சீமையில் பிறந்த தமிழன். மருதநாயகம் என்பது அவன் முதல் பெயர். கும்பினியில் சிப்பாயாகச் சேர்ந்து, படைத்தலைவனாக உயர்ந்தவன்.

ஹெரான் செய்த தவறை யூசுப்கான் செய்யவில்லை. போருக்கு முன் கூட்டணியை உடைக்க வேண்டும் என்று அவன் கண்டுகொண்டான். களக்காட்டுப் பக்கத்து நிலங்களைத் திருவிதாங்கூருக்கு விட்டுக்கொடுத்து, அந்த அரசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பூலித்தேவரின் பெரிய துணை போயிற்று.

1759-ன் இறுதியில் யூசுப்கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கினான். உள்ளே இருந்தவர்கள் உறுதியாக நின்றார்கள். பூலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து படையோடு வந்து பின்னால் தாக்கினார். யூசுப்கான் தோற்றுத் திரும்பினான்.

அவனுக்குப் பெரிய பீரங்கிகள் தேவைப்பட்டன. அவை திருச்சியிலிருந்து வர வேண்டும். கும்பினியோ வேறு இடங்களில் போரில் சிக்கியிருந்தது. 1760 செப்டம்பரில்தான் பீரங்கிகள் வந்து சேர்ந்தன.

பூலித்தேவரும் துணை தேடினார். மைசூர் ஐதர் அலியிடம் கேட்டார். அவருக்கோ மராட்டியரோடு சண்டை. பிரெஞ்சுக்காரரிடம் கேட்டார். 1761 சனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. துணைக்கு வர யாரும் இல்லை.

பீரங்கிகள் இரண்டு மாதம் முழங்கின. 1761 மே 16-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின.

பூலித்தேவர் மலைக்குள் மறைந்தார்.

காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! கும்பினிக்காகப் பூலித்தேவரை வென்ற யூசுப்கானே, பிறகு கும்பினியை எதிர்த்துக் கொடி தூக்கினான். அவனைப் பிடித்து 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

மழையில் மறைந்த வீரர்கள்

1764-ல் பூலித்தேவர் மலையிலிருந்து இறங்கினார். நெற்கட்டும்செவலை மீண்டும் பிடித்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. நரை விழுந்த வயதிலும் வாளைக் கீழே வைக்கவில்லை.

1767-ல் கும்பினி மறுபடியும் வந்தது. இந்த முறை தளபதி கேம்பெல். வாசுதேவநல்லூர்க் கோட்டையை நோக்கிப் பீரங்கிகள் சுட்டன.

மதிலில் ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் வீரர்கள் ஓடி வந்து நின்றார்கள். வைக்கோலையும் பனை ஓலையையும் மண்ணையும் சேர்த்து அடைத்தார்கள். குண்டு பட்டு ஒருவர் விழுந்தால், அந்த இடத்தில் இன்னொருவர் வந்து நின்றார். அவர்களுடைய துணிவைக் கண்டு கேம்பெலே வியந்து மேலதிகாரிகளுக்கு எழுதினான்.

கோட்டை இனித் தாங்காது என்ற நிலை வந்தது. பெருமழை பிடித்துக்கொண்டது. அந்த மழையையும் இருட்டையும் துணையாகக் கொண்டு, கோட்டையில் இருந்தவர்கள் மலைக்குள் போய்விட்டார்கள். காலையில் கும்பினிப் படை உள்ளே நுழைந்தபோது கோட்டை வெறுமையாக இருந்தது.

நெற்கட்டும்செவலும் போயிற்று. பூலித்தேவர் மீண்டும் தம் அரண்மனைக்குத் திரும்பவில்லை. நாடிழந்த நிலையிலேயே அவர் மறைந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

சோதியில் கலந்தார்

மக்களோ வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

பூலித்தேவரை வஞ்சகமாகப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனார்களாம். சங்கரன்கோவில் வழியே போகும்போது, ஆவுடைநாச்சியாரைக் கடைசியாக ஒரு முறை வணங்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். வெள்ளைக்காரர் சம்மதித்தார்களாம். அவர் சந்நிதியில் நின்று மனம் உருகி வழிபட்டபோது கைவிலங்கு தெறித்து விழுந்தது. புகையும் ஒளியும் எழுந்தன. அவர் அந்தச் சோதியில் கலந்து மறைந்துவிட்டார். வெளியே காத்திருந்த சிப்பாய்கள் கோயில் முழுவதும் தேடியும் ஆளைக் காணவில்லை.

சங்கரன்கோவிலில் பூலித்தேவர் மறைந்த இடம் என்று ஓர் அறையைக் காட்டுகிறார்கள்.

புராணம் ஒரு வகை. வரலாறு ஒரு வகை. ஏடுகளில் உள்ளதை வைத்து வரலாறு எழுதுகிறார்கள். பூலித்தேவரைப் பற்றிய பழைய ஏடுகளில் பெரும்பாலானவை அவருடைய எதிரிகள் எழுதியவை. கும்பினித் தளபதிகளின் கடிதங்கள், ஆர்ம் என்ற வெள்ளைக்காரர் எழுதிய போர் வரலாறு, 1881-ல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் ஆகியவற்றில் அவர் பெயர் வருகிறது. அவரை அடக்க எத்தனை படை, எத்தனை பீரங்கி, எத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை அவர்களே எழுதி வைத்தார்கள்.

ஆனால் அவரை ஒருவரும் தூக்கிலிட்டதாக எழுதவில்லை. ஆகவே மக்கள் அவரை அம்மனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எதிரியின் கையில் சாக அவரை விட மக்களுக்கு மனம் வரவில்லை.

சிவகிரிக்கும் வந்தது

கூட்டணியில் சேராமல் ஒதுங்கி நின்ற சிவகிரி என்ன ஆயிற்று?

பூலித்தேவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் சென்றன. 1783-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புல்லர்ட்டன் என்ற தளபதி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். பிறகு நேராகச் சிவகிரிக்கு வந்தான்.

சிவகிரியாரும் பாஞ்சாலங்குறிச்சியாரும் ஒன்றாக மலையடிவாரக் காட்டுக்குள் அரண் அமைத்து எதிர்த்தார்கள். கும்பினிப் படை மரங்களை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு உள்ளே புகுந்தது. கடும் போர் நடந்தது. கடைசியில் பாளையக்காரர்கள் பணிந்து பணம் கட்ட ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

1755-ல் சேராத இருவர் 1783-ல் சேர்ந்தார்கள். ஆனால் அப்போது பூலித்தேவர் இல்லை. மேற்குப் பாளையங்களின் பழைய கட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தபோது வாளாவிருந்தால், அது தன் கூரைக்கும் வரும் என்பதைச் சிவகிரி அன்று கண்டது.

1799-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் பாளையக்காரர்களின் கடைசிப் போரும் அடங்கியது. 1803-ல் எஞ்சிய பாளையங்கள் சமீன்களாக மாறின. காவல் காத்த படைத்தலைவர்கள் வரி வாங்கிக் கட்டும் சமீன்தார்கள் ஆனார்கள். சிவகிரியும் ஒரு சமீன் ஆயிற்று. நாடு விடுதலை பெற்ற பின், 1948-ல் வந்த சட்டத்தால் சமீன்களும் ஒழிந்தன.

இன்று

நெற்கட்டும்செவலில் இன்று பூலித்தேவருக்கு அரசு எழுப்பிய நினைவு மாளிகை இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் முதல் நாளிலும் அவருடைய பிறந்த நாளை அங்கே கொண்டாடுகிறார்கள். மக்கள் மாலையோடு வருகிறார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு தவறாமல் நடக்கிறது. ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் நிற்கும் கடவுளை இலட்சக்கணக்கான மக்கள் பார்த்து வணங்குகிறார்கள். வேறுபட்டவர்கள் ஒன்றாக நிற்க முடியும் என்பதை அந்தக் கோயில் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

அந்தப் பாடத்தைப் போர்க்களத்தில் நடத்திக் காட்ட முயன்றவர் பூலித்தேவர். அவருடைய மண் கோட்டைகள் கரைந்து போயின. பீரங்கிக் குண்டுகள் துருப்பிடித்துப் போயின. ஆனால் சிவகிரிப் பக்கத்தில் மாடு மேய்க்கும் சிறுவனைக் கேட்டாலும் பூலித்தேவர் யார் என்று சொல்வான்.

அவர் கட்டாத கப்பம், ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது!